யூடிபியா, டிசிபியா: மாற்றிப் பார்க்கும் மருத்துவம்

‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்.’ லினக்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புகளைப் பல கணினிகள் என்எஃப்எஸ் வழியாகப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இந்த வரியைப் பார்க்காத நிர்வாகி அரிது. கோப்புறையைத் திறந்தவரின் திரை உறைந்து நிற்கும். சில நேரம் அடுத்த நிமிடமே ‘ஓகே’ என்ற செய்தி வந்து எல்லாம் ஓடத் தொடங்கும். சில நேரம் மாலை வரை வராது.

இதற்கு ஒரு கைமருத்துவம் இருக்கிறது. மவுன்ட்டை எடுத்துவிட்டு, தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையை யூடிபியில் ஓடிக்கொண்டிருந்தால் டிசிபிக்கு மாற்றுவது, டிசிபியில் இருந்தால் யூடிபிக்கு மாற்றுவது. அப்போதும் சரியாகவில்லை என்றால், ஒரு தடவையில் படிக்கும், எழுதும் அளவை 32 கேபியிலிருந்து 8 கேபிக்குக் குறைப்பது. ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலும் இது வேலை செய்துவிடுகிறது. ஏன் வேலை செய்கிறது என்று பார்த்தால்தான், எங்கே ஏமாற்றுகிறது என்பதும் தெரியும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது யூடிபியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. சர்வர் எதையும் நினைவில் வைக்காது. நின்று மறுபடி எழுந்தாலும் கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். அன்றைய செயலிகளுக்கு டிசிபி பெரும் சுமை. 1989இல் ஆவணமாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில் ஒரு கோரிக்கைக்கு 8,192 பைட்தான் உச்ச வரம்பு. ஒரே கட்டடத்துக்குள் ஓடும் வலைக்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் வலை கட்டடத்தைத் தாண்டியதும் சிக்கல் தொடங்கியது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் மாக்லெம் பிஎஸ்டி யூனிக்ஸில் என்எஃப்எஸ்ஸை டிசிபி மேல் ஓடவிட்டு, 1991 யூஸ்நிக்ஸ் மாநாட்டில் தன் அனுபவத்தை முன்வைத்தார். 1995இன் மூன்றாம் பதிப்பு 8 கேபி வரம்பை நீக்கியது.

யூடிபியின் பலவீனம் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது. வழக்கமான ஈதர்நெட் சட்டகம் ஒன்று 1,500 பைட்தான் சுமக்கும். 32 கேபி கோரிக்கை 23 துண்டுகளாக உடைந்து போகும். ஒரு துண்டு தொலைந்தாலும் 23ஐயும் மறுபடி அனுப்ப வேண்டும்; வலையில் ஒரு கண் அறுந்ததற்காக முழு வலையையும் புதிதாக முடைவதைப் போல. நூற்றுக்கு ஒரு துண்டு தொலையும் கேபிளில் ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு கோரிக்கை தோற்கும். அளவை 8 கேபிக்குக் குறைத்தால் துண்டுகள் ஆறு. தோற்பது பதினேழில் ஒன்று. டிசிபியோ தொலைந்த துண்டை மட்டும் திரும்ப அனுப்பும். கைமருத்துவம் பலிப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

ஆக, இந்த வழக்கத்தை மூடப்பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. சில நொடிகளில் செய்யலாம், செலவில்லை, பயனர் காத்திருக்க வேண்டியதில்லை. சோதனையாக வைத்துக்கொண்டால் அது தரும் துப்பும் கூர்மையானது. யூடிபியில் தொங்கிய மவுன்ட் டிசிபியில் ஓடுகிறது என்றால், சர்வரின் ஏற்றுமதிப் பட்டியலிலோ அனுமதியிலோ பழுதில்லை. பழுது வழியில் இருக்கிறது.

குறை அடுத்த கட்டத்தில்தான். துப்பைத் தீர்வாக எடுத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. சர்வரின் நெட்வொர்க் கார்டில் யாரோ வேகத்துக்காக எம்டியூவை, அதாவது ஒரு சட்டகம் சுமக்கும் உச்ச அளவை, 9,000 என்று வைத்துவிட்டார்கள், கிளையன்ட்டில் 1,500. யூடிபியில் சர்வர் பெரிய சட்டகங்களை அனுப்பும், கிளையன்ட் அவற்றை ஏற்காது. சிறிய கோப்புறையைப் பட்டியலிட்டால் வரும். பெரிய கோப்பைத் திறந்தால் தொங்கும். டிசிபியில் இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தங்கள் அளவைச் சொல்லிக்கொள்வதால் சிறிய அளவு அமலுக்கு வரும், கோளாறு மறையும். சில மாதம் கழித்து அந்தக் கிளையன்ட்டிலும் 9,000 வைத்து, நடுவில் உள்ள ஸ்விட்ச் அதைத் தாங்காதபோது, டிசிபியும் அதே இடத்தில் தொங்கும். முதல் நாளே துண்டாக்காதே என்ற கட்டளையோடு 8,972 பைட் பிங் ஒன்றை அனுப்பியிருந்தால், 28 பைட் தலைப்பையும் சேர்த்து 9,000 ஆகும் அந்தப் பொட்டலம் போகாமல் நின்று உண்மையைச் சொல்லியிருக்கும்.

எதிர்த்திசையில் மாற்றுவது இன்னும் ஆபத்து. டிசிபி மெதுவாக இருக்கிறது என்று கிகாபிட் வலையில் யூடிபிக்குத் திரும்புகிறவர்கள், கோப்பின் உள்ளடக்கத்தையே பணயம் வைக்கிறார்கள். உடைந்த துண்டுகளை ஒன்றுசேர்க்க ஐபி தரும் அடையாள எண் 16 பிட். மொத்தம் 65,536 எண்கள். 8 கேபி கோரிக்கைகள் முழு வேகத்தில் ஓடினால் ஐந்து நொடிக்குள் எண்கள் தீர்ந்து மறுசுழற்சிக்கு வந்துவிடும். லினக்ஸோ வராத துண்டுக்காக 30 நொடி காத்திருக்கும். பழைய கோரிக்கையின் துண்டும் புதியதன் துண்டும் ஒரே எண்ணில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைத் தடுக்க மிச்சமிருப்பது 16 பிட் சரிபார்ப்புத் தொகை ஒன்றுதான். 2007இல் வந்த ஆர்எஃப்சி 4963 முழுக்க இந்த ஆபத்தைப் பற்றியதே. கோப்பு கெட்டுப்போகும், பிழைச்செய்தி எதுவும் வராது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் வேரூன்றியதில் காலத்துக்கும் பங்குண்டு. 2005இல் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னையில் கட்டற்ற மென்பொருள் வள மையத்தைத் தொடங்கின. 2007இல் சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வந்தது. அதே காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. இப்படி லினக்ஸ் பரவிய அந்தக் காலத்தில் எளிதில் கைக்குக் கிடைத்த என்எஃப்எஸ் ‘ஹவ்-டு’ 2002இல் எழுதப்பட்டது. யூடிபியைத்தான் இயல்பான வழியாகக் கருதியது. அதிலிருந்த அளவுகள் டிசிபி காலத்திலும் அப்படியே ஒட்டப்பட்டு வந்தன. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ‘டைமியோ’ மதிப்பு நொடியில் அல்ல, நொடியின் பத்தில் ஒரு பங்கில் என்பதை மறந்து 14 என்று எழுதினால், டிசிபியின் இயல்பான 60 நொடிக் காத்திருப்பு 1.4 நொடியாகச் சுருங்கும். அத்துடன், சில முயற்சிக்குப் பின் கைவிட்டுவிடும் ‘சாஃப்ட்’ மவுன்ட்டும் சேர்ந்தால், சர்வர் கொஞ்சம் தாமதித்தாலே எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு பாதியில் அறும்.

கடலோர ஊர்களில் கணக்கு இன்னும் மாறுகிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூரிலிருந்து பழவேற்காடு வரை, பழவேற்காடு ஏரியைச் சுற்றிய மீனவ ஊர்களில் காற்றே உப்பு. பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ நான்கு கணினியைச் சர்வரோடு இணைத்தால், முதலில் பாதிக்கப்படுவது மென்பொருள் அல்ல, கேபிள் முனை. மலிவான ஆர்ஜே-45 இணைப்பியின் மெல்லிய தங்கப்பூச்சு தேய்ந்த இடத்தில் உப்பீரம் பட்டுக் களிம்பு ஏறும். தொடர்பு முழுதாக அறுவதில்லை. அவ்வப்போது சில சட்டகங்கள் மட்டும் கெடும்.

இங்கே டிசிபியின் பலமே குறையாகிறது. அது தொலைந்ததைத் தானே மீட்டுக்கொள்கிறது, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, மேலே யாருக்கும் சொல்வதில்லை. நிர்வாகி ‘என்எஃப்எஸ்ஸ்டாட்’ ஓட்டிப் பார்ப்பார். மறு அனுப்பல்: பூஜ்யம். ‘நெட்வொர்க்கில் ஒன்றுமில்லை’ என்று முடிவு கட்டுவார். அந்தப் பூஜ்யம் என்எஃப்எஸ் அடுக்கின் கோரிக்கைகளை மட்டும் எண்ணியது; டிசிபி அடுக்கில் திரும்ப அனுப்பியவை ‘நெட்ஸ்டாட்’டின் புள்ளிவிவரத்தில் இருக்கும், கெட்ட சட்டகங்கள் ‘ஈதிடூல்’ காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கையில் இருக்கும். யூடிபி இருந்திருந்தால் அதே கேபிள் அன்றே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று கத்தியிருக்கும்.

இதற்காக யூடிபிக்குத் திரும்ப வேண்டியதில்லை, எளிதில் திரும்பவும் முடியாது. 2020இல் வந்த லினக்ஸ் 5.6, என்எஃப்எஸ் கிளையன்ட்டின் யூடிபி ஆதரவை இயல்புநிலையில் அணைத்துவிட்டது. முடிவு சரியானதே, ஆனால் அதற்கும் விலை உண்டு. யூடிபி மட்டுமே தெரிந்த பழைய துவக்க நிரல்களை நம்பிய வட்டில்லாக் கணினிகள், சர்வரிலும் யூடிபி அணைக்கப்பட்டால் துவக்கத்திலேயே நின்றுவிடும்.

மாற்றிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது அது ‘என்கனெக்ட்’ என்ற தேர்வுக்கு இடம் மாறியிருக்கிறது. லினக்ஸ் 5.3இல் வந்த இது ஒரே சர்வருக்கு 16 டிசிபி இணைப்புகள் வரை திறக்கும். வேகமான வலையில் நல்ல பலன் தரும். களிம்பேறிய முனையில் 16 இணைப்பும் அதே முனை வழியாகத்தான் போக வேண்டும். மந்தம் கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரியும், சிஆர்சி எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை முதலில் பார்த்து, கேபிள் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்ய ஆகும் நேரம் பத்து நிமிடம்.