ஐத்மாத்தவின் நாவலில் வற்றும் கடல்

'ஜமீலா', 'முதல் ஆசிரியர்' ஆகிய கதைகளின் வாயிலாகத் தமிழ் வாசகருக்கு நெருக்கமானவர் கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ். நூற்றாண்டினும் நீண்ட ஒரு நாளின் கதையாக அவர் எழுதிய நாவல் 1980இல் 'நோவி மிர்' சஞ்சிகையில் வெளிவந்தது. ஞாபகம் பறிக்கப்பட்டு அடிமையாகிய 'மன்குர்த்' பற்றிய ஐதிகமே இந்நாவல் குறித்த விமர்சனங்களிற் பெரிதும் பேசப்படுவது. அதே நாவலில் ஒரு கடல் வற்றிக்கொண்டிருப்பதைப் பேசுவோர் குறைவு.

புகையிரதப் பயணிகள் வீசியெறியும் மிச்சங்களைத் தேடித் தண்டவாளத்தருகே வரும் பசித்த நரியொன்றுடன் நாவல் தொடங்குகிறது. மனிதரின் நுகர்வு வனவிலங்கின் பழக்கத்தையே மாற்றிவிட்டமையை ஐத்மாத்தவ் ஒரு வார்த்தை உபதேசமுமின்றிக் காட்டிவிடுகிறார். கதைநாயகன் எதிகேய் முன்னாளில் ஆரல் கடல் மீனவன். கருவுற்ற மனைவி கனவிற் கண்ட பொன்மீனைத் தேடி அவன் கடலேறும் பகுதி, நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் எனலாம். அந்தக் கடல் பின்வாங்கிச் செல்வதையும் நாவல் சொல்லத் தவறவில்லை. ஆனால் யாரால், எதன்பொருட்டு என்ற வினா கதையின் உயிர்ப்பிரச்சினையாக வளரவில்லை. எதிகேயைக் கடலிலிருந்து பிரிப்பதும் கடலின் அழிவன்று; போரில் அவனடைந்த குண்டதிர்ச்சியே.

நாவலுக்கு வெளியே அவ்வினாவுக்கு விடை தெளிவானது. 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீற்றர் பரப்புடன் உலகின் நான்காவது பெரிய ஏரியாக விளங்கியது ஆரல். அதற்கு நீரூட்டிய அமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகள் பருத்திச் செய்கைக்காகத் திருப்பப்பட்டன. 1954இல் வெட்டத் தொடங்கிய கராகும் கால்வாயிற் பெருந்தொகை நீர் மணலினுள்ளே கசிந்து வீணாயிற்று. 1950களில் ஆண்டுக்கு 40,000 தொன்னுக்கு மேல் மீன் தந்த கடலில், 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழிலே அற்றுப்போனது. வறண்ட அடித்தளத்திலிருந்து உப்பும் பூச்சிகொல்லி எச்சங்களும் புழுதியாய்க் கிளம்பின. கடல் வற்றுமென்பதைத் திட்டமிட்டோர் அறியாதவரல்லர். பருத்தியின் பெறுமதி மீனின் பெறுமதியை விஞ்சும் என்பதே அவர்களது கணக்கு.

தணிக்கைக்கு அஞ்சி ஆசிரியர் மௌனித்தார் என்று கூறுவது முழு விளக்கமாகாது. ஸ்டாலின் காலத்தில் அநியாயமாகக் கைதுசெய்யப்படும் அபுதாலிப் என்ற ஆசிரியனின் கதையை அவர் துணிந்தே எழுதியுள்ளார். எனினும் அது கடந்தகாலத்தின் குற்றம். பருத்தியோ 1980இன் நடப்புக் கொள்கை. இவ்விடத்தில் நாவலின் பலவீனமான பகுதியெனப் பலர் ஒதுக்கும் விண்வெளிக் கதை புதிய பொருள் பெறுகின்றது. விண்வெளி வீரர்கள் கண்டடையும் 'வனமார்பு' என்னும் கோள், உள்ளிருந்தே வறண்டு பாலையாகிவரும் ஆபத்தை எதிர்நோக்குகிறது. அங்கு வாழ்வோர் அனைவரும் ஒன்றுபட்டு அதனோடு போராடுகின்றனர். அமு தாரியாக் கரையில் எழுப்பவியலாத பிரச்சினையை ஆசிரியர் அண்டவெளிக்கு ஏற்றியனுப்பினார் போலும்! அங்கே அறிவுள்ள உயிர்கள் வறட்சியைப் பொதுப் பகையாக இனங்காண்கின்றன. இங்கே, கடலை இழந்த மீனவன் புகையிரதத் தரிப்பிடத்திற் பனி அள்ளுகிறான்.

மன்குர்த்தின் ஞாபகத்தைப் பறிப்பவர்கள் பகைவர்களான சுவான்-சுவான்கள். ஐதிகத்தில் அவர்களுக்குப் பெயருண்டு. கசன்காப்பின் பிரேதத்தை மூதாதையர் இடுகாட்டிற்குச் செல்லவிடாது தடுக்கும் விண்தளத்தின் முள்வேலிக்கும் ஒரு காவலதிகாரி உண்டு. அவனை நோக்கி எதிகேய் முறையிட முடிகிறது. கடலைப் பறித்தவரை நோக்கி நாவலில் எவரும் முறையிடுவதில்லை. ஐத்மாத்தவின் மனிதநேயத்தை ஐயுறுவதற்கில்லை. ஆனால் நரியின் பசிக்குக் காரணத்தைத் தண்டவாளத்தில் காட்டிய அக்கண், வற்றிய கரையிலிருந்து பருத்தி வயல்வரை செல்லாமல் நின்றுவிடுகின்றது.