ஆட்டத்துக்குள் அழுகை

1973இல் ஃபிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஹரால்ட் மெல்வின் அண்ட் த ப்ளூ நோட்ஸ் குழுவுக்காக ஒரு பாடல் பதிவானது. கைநழுவிய காதலை எண்ணி வருந்தும் பாட்டு. பெயரே 'த லவ் ஐ லாஸ்ட்'. முதலில் அதை மெதுவான பாடலாகத்தான் நினைத்திருந்தார்கள். டிரம் கலைஞர் ஏர்ல் யங்கின் கையில் அது வேகமெடுத்தது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பேஸ் டிரம்மில் ஓர் அடி, இடையிடையே ஹை-ஹாட்டின் சீறல். டிஸ்கோவின் அடிப்படைத் தாளம் அங்கேதான் உருப்பெற்றது என்கிறார்கள் இசை வரலாற்றாளர்கள் பலர்.

அந்தத் தாளம் துளிர்த்ததே ஒரு பிரிவுப் பாட்டில்தான்.

கண்ணாடி உருண்டை, மினுக்கு உடை, 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஜான் டிரவோல்டா போட்டுவந்த வெள்ளைக் கோட்டு சூட்டு: டிஸ்கோ என்றதும் இவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டால் கதை வேறு: ஆட்டத்துக்குள் அழுகை ஒளிந்திருக்கும்.

குளோரியா கெய்னரின் 'ஐ வில் சர்வைவ்' (1978) இதற்குச் சிறந்த சான்று. மேடையில் விழுந்து முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட கெய்னர், முதுகுப் பட்டையோடு வந்து பாடியது அது. முதலில் இசைத்தட்டின் மறுபக்கத்தில்தான் வெளியானது. தட்டைத் திருப்பிப் போட்டு ஊரறியச் செய்தவர்கள் நடனக்கூடங்களின் டி.ஜே.க்கள். 1979 மார்ச்சில் பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டின் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் தாளமே இல்லை. பியானோவின் துணையோடு கைவிடப்பட்ட பெண்ணின் குரல் தனித்து ஒலிக்கிறது. பிறகுதான் டிரம் நுழைகிறது. ஆனால் மைனர் ஸ்கேலில் அமைந்த கார்டு வரிசை மாறுவதில்லை. சரணத்துக்கும் பல்லவிக்கும் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. மாறுவது குரலின் திடம். துயரம் அகலாதபோதே ஒருத்தி நிமிர்வதை இசையே சொல்லிவிடுகிறது.

டோனா சம்மருடைய 'லாஸ்ட் டான்ஸ்' (1978) பாடலும் மெதுவாக, கெஞ்சலாகத் தொடங்கிய பின்பே வேகம் பிடிக்கிறது. கேண்டி ஸ்டேட்டனின் 'யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ' (1976) இன்னும் நேரடியானது. கொடுமையான உறவில் அவர் பட்ட துன்பத்தைக் கேட்டறிந்து டேவிட் கிராஃபர்ட் எழுதிய பாடல் அது.

டிஸ்கோவுக்கு முதலில் ஆடியவர்கள் நியூயார்க்கின் கறுப்பினத்தவர்கள், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், தற்பாலீர்ப்பாளர்கள். வெளியே மறைத்துவைத்த வலியை நடனக்கூடங்களில் பலரோடு சேர்ந்து ஆடித் தீர்த்தார்கள். 1977இல் தெல்மா ஹூஸ்டன் முதலிடத்துக்குக் கொண்டுசென்ற 'டோன்ட் லீவ் மீ திஸ் வே', பிரியாதே என்று காதலனை இறைஞ்சும் பாட்டு. 1980களில் எய்ட்ஸ் அந்த ஆட்டக்காரர்களில் பலரைப் பறித்தபோது, இறந்தவர்களுக்கான இரங்கலாகவே அது ஒலித்தது. டிஸ்கோவின் பெரும் பாடகர் சில்வெஸ்டரும் 1988இல் அந்நோய்க்குப் பலியானார்.

1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஆழமற்ற இசை என்று பலரும் பழித்த காலம் அது. பாடல்களைக் கேட்டவர்கள் முன் அந்தப் பழி நிற்காது. காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 'ஐ வில் சர்வைவ்' பாடலை 2016இல் சேர்த்தது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம்.