பங்காளிகளின் பத்திரம்: கங்கை ஒப்பந்தத்தை வாசித்தல்

ஒப்பந்தங்களை நாம் வாசிப்பதில்லை. வக்கீல்கள் பாடு, பொறியாளர்கள் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அரசுகள் எழுதும் பிரதிகளிலேயே அதிகாரம் மிகுந்தது ஒப்பந்தம்தான். அதில் ஒரு சொல் மாறினால் எங்கோ ஓர் ஆற்றில் தண்ணீர் குறையும். 1996 டிசம்பர் 12 அன்று தில்லியில் தேவே கௌடாவும் ஷேக் ஹசீனாவும் கையெழுத்திட்ட கங்கை நீர்ப் பகிர்வு ஒப்பந்தத்தை இப்படித்தான் வாசிக்கிறேன்.

மேற்கு வங்கத்தின் ஃபராக்காவில் 1975இல் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. 40,000 கியூசெக் நீரை ஹூக்ளிக்குத் திருப்பிக் கல்கத்தா துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்ல வைப்பது நோக்கம். கீழே வங்கதேசத்தில் பத்மா மெலிந்தது. 21 ஆண்டு இழுபறிக்குப் பின் வந்த சூத்திரம் இது: ஜனவரி 1 முதல் மே 31 வரை, ஃபராக்காவுக்கு வரும் நீர் 70,000 கியூசெக் அல்லது அதற்குக் கீழே என்றால் பாதிக்குப் பாதி. 75,000 வரை என்றால் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. அதற்கும் மேலே என்றால் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. மார்ச்சில் தொடங்கி மே 10 வரை, பத்துப் பத்து நாளாக மாற்றி மாற்றி இருவருக்கும் 35,000 உறுதி. நம்மூர்ப் பங்காளிகள் பொதுக் கிணற்றில் முறை வைத்து இறைப்பாங்களே, அதே கணக்கு.

கணக்கு நியாயமாத்தான் தெரியுது. சரி, எங்கே எண் இருக்கிறது, எங்கே வெறும் சொல் இருக்கிறது என்று பார்ப்போம். ஃபராக்காவுக்குக் கீழே, இரு கரையும் வங்கதேசத்துக்குள் போகும் இடம் வரை இந்தியா எடுப்பது 200 கியூசெக்கைத் தாண்டக் கூடாது. அவ்வளவு துல்லியம்! ஃபராக்காவுக்கு மேலே? உத்தரப்பிரதேசமும் பீகாரும் எடுப்பதற்கு எண்ணே கிடையாது. 1949 முதல் 1988 வரையான சராசரி வரத்தைக் காக்க 'எல்லா முயற்சியும்' எடுக்கப்படுமாம். வரத்து 50,000க்குக் கீழே போனால் இரு அரசுகளும் உடனே கலந்து பேசுமாம். வரத்து எவ்வளவு குறைந்தாலும் அட்டவணைப்படியான பங்கில் 80 விழுக்காடு வங்கதேசத்துக்கு உறுதி என்றது 1977 ஒப்பந்தம். இதில் அந்த வரியைக் காணோம். எண் இருக்குமிடத்தில் கட்டாயம் இருக்கிறது. சொல் மட்டும் இருக்குமிடத்தில் நல்லெண்ணம். வலியவன் தப்பிக்கும் சந்து எப்போதும் நல்லெண்ணத்துக்குள்தான் ஒளிந்திருக்கும்.

இன்னொரு சொல், 'தரப்பு'. எந்தத் தரப்புக்கும் தீங்கு கூடாது என்கிறது பிரதி. இங்கே தரப்பு என்றால் அரசு. கோடையில் கோராய் ஆறு வறண்டு, குல்னாவில் உப்பு ஏறி, வயலை இழப்பவன் தரப்பு இல்லை. அணைக்கு மேலே மால்டாவில் ஆறு கரையை அரித்து வீட்டோடு கொண்டுபோகிறதே, அவளும் தரப்பு இல்லை. 1976 மே 16 அன்று மௌலானா பாஷானியின் பின்னால் ஃபராக்காவை நோக்கி நடந்தவர்களும் சரி, வெள்ளம் வருமென எச்சரித்ததற்காகப் பாகிஸ்தான் கையாள் என்று தூற்றப்பட்ட மேற்கு வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யாவும் சரி, பிரதிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். 2016இல் பீகார் முதல்வர் நிதீஷ் குமாரே தடுப்பணையை அகற்றச் சொன்னார். பிரதி அதற்கும் காது கொடுக்காது. அது கேட்பது இரண்டு தலைநகரங்களின் பேச்சை மட்டுமே.

அப்படியானால் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடலாமா? கூடாது. 1988க்கும் 1996க்கும் இடையே ஒப்பந்தமே இல்லாத கோடைகளில் பத்மா பட்ட பாடு போதும். பத்திரம் இல்லாத பங்கில் இளைத்தவனுக்கு எதுவும் மிஞ்சாது.

முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடியும் என்று அதே பிரதி சொல்கிறது. அடுத்த பிரதியில் மூன்றாவது பங்கு ஒன்று வேண்டும்: சுந்தரவனம் வரை, கடல் வரை ஓடுவதற்கு ஆற்றுக்கென்று ஒரு பங்கு. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்பதில் தில்லிக்கும் டாக்காவுக்கும் சண்டையே இல்லை. அவர்களின் உண்மையான ஒப்பந்தம் அதுதான். அதனால் 'முயற்சி', 'கலந்தாலோசனை' என்ற சொற்களால் அந்தப் பங்கை எழுதவிடக் கூடாது. கியூசெக்கில், எண்ணாக எழுத வேண்டும்.