ஒரு அடிக்கு அரை அங்குலம்

பஸ் கட்டுவதைப் போல ஒரு சுகம் உலகத்தில் கிடையாது. கரூர் பட்டறைகளில் கட்டுகிறார்களே, அந்த பஸ்ஸைச் சொல்லவில்லை. சன்போர்டு, பிளேடு, ஃபெவிக்விக் சகிதம் மேசை முன் உட்கார்ந்து கட்டுகிற பஸ். அசோக் லேலண்ட் வைகிங் சேசிஸ், அரசு வெளியூர் வண்டி, பச்சை நிறம். மொத்த வண்டியும் ஒரு முழம்தான். ஆனால் அந்த ஒரு முழத்துக்குள் இருக்கிற உலகம் இருக்கிறதே!

அளவு 1:24. இதில் ஒரு சௌகரியம்: நிஜ வண்டியில் ஒரு அடி என்றால் மாடலில் சரியாக அரை அங்குலம். வைகிங்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 222 அங்குலம். மாடலில் ஒன்பதே கால். கால்குலேட்டரே வேண்டாம். எல்லா அளவுகளுக்கும் இப்படி அழகான கணக்கு இருப்பதில்லை. உலகம் முழுக்க டாங்கி மாடல்காரர்கள் கும்பிடுகிற 1:35, ஜப்பானின் டாமியா நிறுவனம் 1961இல் பேந்தர் டாங்கி செய்தபோது உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று போட்ட கணக்கு. அதே டாமியா, 1976இல் வெளியிட்ட போர்ஷே 934 மாடலுக்காக ஒரு 911 காரையே விலைக்கு வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பார்த்தது! நமக்கு அந்த வசதி ஏது? ஆனால் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது. வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது டேப்போடு போய் நின்றால் படிக்கட்டு உயரத்தையும் ஜன்னல் அகலத்தையும் நிதானமாக அளந்துகொள்ளலாம். டிரைவர்கள் முதலில் முறைப்பார்கள். விஷயம் தெரிந்தால் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அவர்களே வந்துவிடுவார்கள்.

எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது ரிவெட். பஸ்ஸின் பக்கவாட்டு அலுமினியத் தகடு முழுக்க வரிசை வரிசையாக ரிவெட் அடித்திருக்கும். ஒரு சென்டிமீட்டர் தலை உள்ள ரிவெட் மாடலில் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஒவ்வொன்றாகச் செய்து ஒட்டினால் ஆயுசு போதாது. வழி என்ன தெரியுமா? கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி விரித்தால் பேப்பர் கனத்தில் அருமையான அலுமினியத் தகடு கிடைக்கும். அதை ரப்பர் மேட் மேல் கவிழ்த்துப் போட்டு, ஸ்கேலை வைத்து, துணியில் அடையாளம் பதிக்க டெய்லர்கள் உருட்டுகிற பல் சக்கரத்தை ஒரே சீராக உருட்ட வேண்டும். பல்லுக்குப் பல் இரண்டு மில்லிமீட்டர். நிஜத்தில் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். தகட்டைத் திருப்பி விளக்கில் சாய்த்துப் பிடித்தால், அடடா! சின்னச் சின்னப் புடைப்புகள் நூல் பிடித்த மாதிரி வரிசையில் நிற்கும். முதல் தடவை பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரவு மணி பன்னிரண்டு.

மற்றதெல்லாம் கண்டுபிடிப்புதான். ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ். ஏழு அங்குல வட்ட விளக்கு மாடலில் ஏழரை மில்லிமீட்டர்கூட வராது, சின்ன மாத்திரைக் குமிழ் கச்சிதமாகப் பொருந்தும். ஜன்னல் கம்பிக்கு 20 கேஜ் கட்டுக் கம்பி. டயருக்கு ஹவாய் செருப்பு.

இனி, அழுக்கு. பளபளவென்று இருக்கிற மாடல் என்னைப் பொறுத்தவரை பொம்மை. ஓடி ஓடித் தேய்ந்த வண்டிதான் பஸ். அதற்கு ஒரு மந்திரம் உப்பு. முதலில் துரு நிறத்தைப் பூசிக் காயவிட்டு, பெயின்ட் உரிய வேண்டிய இடத்தில் மட்டும் ஈரம் ஒற்றி, கல் உப்பைப் பொடித்துத் தூவ வேண்டும். உப்பு ஒட்டிக் காய்ந்ததும் மேலே பச்சை ஸ்ப்ரே. அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து மெல்லத் தேய்த்தால் உப்போடு சேர்ந்து பச்சையும் உதிர்ந்து, கீழே இருக்கிற துரு தாறுமாறாக எட்டிப் பார்க்கும். தூரிகையால் வரைந்தால் இந்தத் தாறுமாறு வரவே வராது. ஆனால் அலுமினியம் துருப்பிடிக்காது என்பது நினைவிருக்க வேண்டும். துருவுக்கு உரிய இடம் பம்பர், சக்கர ரிம், ஜன்னல் கம்பி. பக்கத் தகட்டில் துரு தெரிந்தால், செய்தவர் பஸ்ஸைப் பார்த்ததே இல்லை என்று அடித்துச் சொல்லலாம். நிறத்திலும் ஒரு சூட்சுமம்: டிப்போவில் அடிக்கிற அதே பச்சையை அப்படியே பூசினால் இந்த அளவில் இருட்டடித்துத் தெரியும். துளி வெள்ளை கலந்தால்தான் கண் ஒப்புக்கொள்ளும்.

உள்ளே போகலாம். மூன்று பேர் சீட், இரண்டு பேர் சீட், டிரைவர் முதுகுக்குப் பின்னால் திருக்குறள் பலகை. ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் எழுத்தில், லென்ஸ் வைத்தால் படிக்கலாம். நம்பர் பிளேட்டில் கும்பகோணத்தின் டிஎன் 68, அரசு பஸ்ஸுக்கே உரிய ‘என்’ எழுத்து. எங்கள் தெருவில் ரிட்டயர்டு டிரைவர் ஒருவர் இருக்கிறார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஒரு சுற்று பார்த்துவிட்டு, “எந்த டிப்போ வண்டி தம்பி இது?” என்றார். எனக்கு யாரும் பத்மஸ்ரீ தர வேண்டாம்!

விலைக்குக் கேட்கிறார்கள். மூச். 2023இலிருந்து மஞ்சள் பூசி ஓடுகிற வண்டியைச் செய்யச் சொல்லி அக்கா மகன் நச்சரிக்கிறான். செய்யலாம், அவசரமில்லை. அதற்கு முன்னால் மெட்ராஸில் ஓடிய டபுள் டெக்கர் ஒன்று செய்தாக வேண்டும். வளைந்து ஏறும் மாடிப்படி, மேல்தள முன் சீட், இதைவிட இரண்டு மடங்கு ரிவெட்! டின் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.