தன்னுண்ணல் புரதங்கள்: பெயரும் பணியும்
ஒரு விமரிசனம்

நாற்காலி என்பது காரணப்பெயர் என்று பள்ளி இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். நான்கு கால்கள் இருப்பதால் அப்பெயர் வந்தது. ஆனால் அது உட்காருவதற்கு உரியது என்பதை அப்பெயர் தெரிவிப்பதில்லை. அன்றாட வழக்கில் இதனால் கேடொன்றும் இல்லை, அறிவியலில் உண்டு. உயிரணு ஆராய்ச்சியில் அத்தகைய பெயர்ச் சிக்கல் ஒன்றை இங்கே ஆராய்வோம். நான் இயற்பியல் கற்பிப்பவன். எனினும் அளக்கும் கருவியையும் அளக்கப்படும் பொருளையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்ற விதி எல்லாத் துறைகளுக்கும் பொது அன்றோ?

பெயர் வந்த கதை

உயிரணு தன்னுள் பழுதடைந்த பகுதிகளை இரட்டைச் சவ்வுப் பையில் பொதிந்து, செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமிடம் சேர்த்துச் சிதைத்து, கிடைக்கும் மூலப்பொருள்களை மீண்டும் பயன்படுத்துகிறது. 1963இல் கிறிஸ்டியன் டி டூவ் என்ற பெல்ஜிய அறிஞர் இதற்கு ‘ஆட்டோஃபேஜி’ என்று பெயரிட்டார். தமிழில் தன்னுண்ணல் எனலாம். ஜப்பானில் யோஷினோரி ஓசுமி ஈஸ்ட் உயிரணுக்களைப் பட்டினியிட்டு, இச்செயலில் குறையுள்ளவற்றைத் தேடிப் பிரித்தார். 1993இல் அவர் ஆய்வகம் அத்தகைய 15 மரபணுக்களை அறிவித்தது. 2003இல் ஆய்வாளர்கள் கூடி இவ்வகை மரபணுக்களுக்கு ‘ஏ.டி.ஜி.’ என்ற பொதுப்பெயரையும் வரிசை எண்களையும் வகுத்தனர். ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈஸ்ட்டைப் பொறுத்தவரை இப்பெயரீடு நியாயமானதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தன்னுண்ணல் எதனால் கெடுகிறது என்று தேடினார்கள். அதற்குரிய விடை கிடைத்தது. அப்புரதங்கள் வேறென்ன செய்கின்றன என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ‘இல்லை’ என்பது விடையாகிவிடாது.

எல்.சி.3 தரும் பாடம்

உயிரணு வெறும் நீர்ப்பை அன்று. அதற்கு ஒரு சட்டகம் உண்டு. சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள், 10 நானோமீட்டர் அளவுள்ள இடைநிலை இழைகள், 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் ஆகியவை அதன் உறுப்புகள். டியூபுலின் என்னும் புரதத் துணுக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உள்ளீடற்ற நுண்குழலாகின்றன. இக்குழல் வளர்ந்துகொண்டே இருந்து, திடீரெனச் சரிந்து, மீண்டும் வளரும். 1984இல் மிச்சிசன், கிர்ஷ்னர் இருவரும் இவ்வியல்பை எடுத்துக்காட்டினர். நரம்பணுவின் நீண்ட ஆக்சானில் சரக்குகள் செல்லும் தண்டவாளம் இந்த நுண்குழல்களே.

தன்னுண்ணல் நடக்கிறதா என்று அறிய இன்று ஆய்வகங்கள் பெரிதும் நாடுவது எல்.சி.3 என்ற புரதத்தை. நுண்ணோக்கியில் அது புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் ‘தன்னுண்ணல் மிகுந்தது’ என்று எழுதுவது பெருவழக்கு. ஆனால் எல்.சி. என்பதன் பொருள் என்ன? நுண்குழல் சார்ந்த ஒரு புரதத்தின் ‘இலேசான சங்கிலி’! 1987இல் அதைக் கண்டறிந்தவர்கள் அதை நுண்குழலோடு ஒட்டிய புரதமாகவே கண்டனர். அது ஈஸ்ட்டின் ஏ.டி.ஜி.8க்கு இனமானது என்பது 2000இல்தான் தெரியவந்தது. எனவே ‘தன்னுண்ணல் புரதத்துக்குச் சட்டகத்திலும் ஓர் உபதொழில் உண்டாம்’ என்று இப்போது வியப்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். முதலில் தெரிந்தது சட்டகத் தொடர்பே. புகழ்பெற்ற பெயர் அதை மறக்கடித்தது.

2020ஆம் ஆண்டு ஆய்வு

ஜெர்மனியில் கொலோன் நகர ஆய்வாளர்கள் 2020இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எல்.சி.3ஐச் சவ்வின் கொழுப்போடு இணைக்கும் ஏ.டி.ஜி. புரதங்கள் இல்லாவிட்டாலும், கிளர்ச்சியூட்டும் வகை நரம்பணுக்கள் உயிர் பிழைக்கின்றன. ஆனால் ஆக்சானின் நுண்குழல்களுடைய நிலைப்புத்தன்மை மாறிவிடுகிறது. நுண்குழலைப் பற்றும் கிளாஸ்ப்2 என்ற புரதத்தின் அளவை இவை கட்டுப்படுத்துவதே காரணம் என்றும், இதற்கு எல்க்ஸ்1 என்ற புரதமும் தேவை என்றும், இப்பணி தன்னுண்ணலைச் சார்ந்ததன்று என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இதை அப்படியே ஏற்கலாமா? 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளின் நரம்பு மண்டலத்திலிருந்து ஏ.டி.ஜி.5, ஏ.டி.ஜி.7 ஆகியவற்றை நீக்கியபோது நரம்பணுக்கள் அழிந்தன. அவற்றுள் புரதக் குவியல்களும் காணப்பட்டன. இரு முடிவுகளும் மோதுவதுபோல் தோன்றும். ஆனால் முன்னது நரம்பு மண்டலம் முழுவதையும் பற்றியது. பின்னது ஒருவகை நரம்பணுவைப் பற்றியது. குவியல்கள் கண்ணுக்குத் தெரிந்ததால், ‘குப்பை அள்ளாததால் சேதம்’ என்ற விளக்கத்துக்கு ஆதாரம் உண்டு. எனினும் சேதத்தில் தண்டவாளப் பழுதின் பங்கு எவ்வளவு என்பது தனியாக அளக்கப்பட வேண்டியது.

‘தன்னுண்ணலைச் சாராதது’ என்ற புதிய தொடரிலும் ஒரு குறை காண்கிறேன். ஒன்று எதுவல்ல என்று சொல்வது, அது எது என்று சொல்வதாகாது. இங்கு சரியான சோதனை எளியது. தன்னுண்ணலைத் தொடங்கிவைக்கும் யு.எல்.கே.1 போன்ற புரதங்கள் ஒரு தொகுதி, எல்.சி.3ஐக் கொழுப்போடு இணைக்கும் ஏ.டி.ஜி.5, ஏ.டி.ஜி.16எல்1 போன்றவை மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே நீக்கிப் பாருங்கள். முதல் தொகுதியை நீக்கினால் வராத கோளாறு இரண்டாவதை நீக்கினால் வருமானால், அங்கே வேறு பணி இருக்கிறது எனலாம். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு முடிவுகட்டுவது, மின்சுற்றில் ஒரு கம்பியை அறுத்து விளக்கு அணைந்ததும் அக்கம்பியே மின்கலம் என்பதற்கு ஒப்பாகும்.

நமக்கென்ன?

இது வெறும் சொற்போர் அன்று. நரம்புச் சிதைவு நோய்களுக்குத் தன்னுண்ணலைத் தூண்டும் மருந்துகள் ஆராயப்படுகின்றன. அத்தகைய மருந்து கழிவை அகற்றுவதோடு நுண்குழல்களின் நிலைப்பையும் மாற்றி ஆக்சானுக்குக் கேடு செய்யக்கூடும் என்று கொலோன் ஆய்வாளர்களே எச்சரிக்கின்றனர். ‘பட்டினி கிடந்தால் உயிரணு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், ஆகவே தூண்டத் தூண்ட நன்மை’ என்று எழுதும் கட்டுரைகள் இதைச் சொல்வதில்லை.

மாணவர்களே, ஒரு புரதத்தின் பெயரைப் படித்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இப்பெயர் எந்தச் சோதனையில் பிறந்தது? அந்தச் சோதனை எதைக் கேட்காமல் விட்டது? பாடநூல்களும் எல்.சி.3ஐக் குறிப்பிடும்போது 1987, 2000 ஆகிய இரு ஆண்டுகளையும் சேர்த்தே குறிப்பிட்டால் நல்லது. அதற்கு ஒரே ஒரு வரி போதும்.