தாழப் பறந்தவனின் ஆட்டம்

வேகம், உயரம், சுமக்கும் எடை. ஒரு விமானத்தின் திறமையைப் பேச உட்கார்ந்தால் இந்த மூன்று எண்களைத்தான் முதலில் கேட்கிறோம். மூன்றிலும் பின்தங்கிய ஒரு விமானத்தை இந்த வார அலசலுக்கு எடுத்திருக்கிறேன். ஜெர்மனியின் யுங்கர்ஸ் 52. மூன்று எஞ்சின், தகரக் கொட்டகை போல நெளிநெளியான உடம்பு, மணிக்கு 300 கிலோமீட்டரை எட்டாத வேகம். 1932-ல் முதன்முதலாகப் பறந்தது. 17 பேரை ஏற்றிக்கொண்டு ஊருக்கு ஊர் போன பயணிகள் விமானம். இரண்டாம் உலகப் போரில் அதன் வயிற்றுக்கடியில் சுமார் 14 மீட்டர் அகலத்தில் ஓர் உலோக வளையத்தைக் கட்டி, கடலில் கிடந்த காந்தக் கண்ணிவெடிகளை வெடிக்க வைக்க அனுப்பினார்கள். அதை ஓட்டியவர்களிடையே வழங்கிய செல்லப் பெயர் ‘மவுசி’.

போரை விளையாட்டாக எண்ணி இதை எழுதவில்லை. இவர்கள் யாரையும் சுட்டு வீழ்த்திப் பெயர் வாங்கியவர்கள் இல்லை. பின்னால் வரும் கப்பல் உடையாமல் கரை சேர வேண்டும் என்பதுதான் இவர்களுக்கு இட்ட வேலை. அந்த வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதை ஆட்டத்தை அலசுவது போலவே அலசலாம்.

முதலில் எதிரணி. இரும்புக் கப்பல் எதுவும் பூமியின் காந்தப்புலத்தில் கிடந்து கிடந்து தானே ஒரு காந்தமாகிவிடும். அது மேலே கடக்கும்போது அடியில் காந்தப்புலம் லேசாக மாறும். அந்த மாற்றத்தை உணர்ந்து வெடிப்பதுதான் காந்தக் கண்ணி. கப்பல் அதன் மேல் மோதவே வேண்டாம். கயிற்றில் மிதக்கும் பழைய கண்ணியைக் கம்பி இழுத்து அறுக்கலாம். தரையில் படுத்துக் கிடக்கும் இதை அறுக்க வழியில்லை. 1939 இலையுதிர்காலத்தில் ஜெர்மனி இதை இங்கிலாந்துக் கரையோரம் போட ஆரம்பித்ததும் தேம்ஸ் முகத்துவாரமே திணறியது. அந்த நவம்பர் 23-ம் தேதி ஷூபரினெஸ் சேற்றில் சிக்கிய ஒரு கண்ணியை ஜான் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி கையால் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த சூட்சுமம் விரைவிலேயே வெளிப்பட்டது.

பதிலடியில் முந்திக்கொண்டது பிரிட்டன். இதை இங்கேயே பதிந்துவிட வேண்டும், ஏனென்றால் மவுசிக்குக் கிடைக்கும் புகழில் பாதி உண்மையில் வெலிங்டனுக்குச் சேர வேண்டியது. விக்கர்ஸ் வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தைச் சுற்றி வளையம் மாட்டி, உள்ளே ஒரு ஃபோர்டு வி8 கார் எஞ்சினை வைத்து ஜெனரேட்டரை ஓட்டினார்கள். 1940 ஜனவரி 8-ம் தேதி அந்த விமானம் முதல் கண்ணியை வெடிக்க வைத்தது. ஊவ்ரி கண்ணியைப் பிரித்து 7 வாரம்கூட முடியவில்லை. அதன்பிறகு 1940 ஏப்ரலில் பிரிட்டனும் தன் காந்தக் கண்ணிகளை டென்மார்க் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அப்போதுதான் ஜெர்மனிக்கு வளையத்தின் தேவை வந்தது.

இனி ஆட்டத்தின் நுட்பம். வளையத்தில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் பிறக்கும். விமானம் தாழப் பறக்கும்போது கண்ணி அதைக் கப்பல் என்று நம்பிவிடும். கேட்க எளிது. ஆனால் வளையத்திலிருந்து விலக விலக அந்தப் புலம் படுவேகமாகச் சரியும். தூரம் இரண்டு மடங்கானால் பலம் ஏறத்தாழ எட்டில் ஒன்று. கண்ணி 15 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, விமானம் நீருக்கு மேல் 15 மீட்டரில் பறக்கிறது என்று வையுங்கள். இடைவெளி 30 மீட்டர். பைலட் கொஞ்சம் பயந்து 45 மீட்டருக்கு ஏற்றிவிட்டால் இடைவெளி 60. கண்ணியை எட்டும் புலம் எட்டில் ஒரு பங்குதான். அந்த ஓட்டம் வீண். அதைவிடக் கொடுமை, அந்தப் பாதை சுத்தம் என்று நம்பி ஒரு கப்பல் பின்னால் வரும்.

தாழப் போனால் வேறு ஆபத்து. கண்ணி வெடித்தால் நீர்த்தூண் பனைமரத்துக்கும் மேலே எழும்பும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் விமானம் ஒரு நொடியில் சுமார் 55 மீட்டர் தாண்டும். கண்ணி உணர்வதற்கும் வெடிப்பதற்கும் வெடி மேலே வருவதற்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதுதான் விமானத்தின் உயிர். நம் சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கபடிக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பாடிப் போனவன் ஆளைத் தொட்டதற்குப் புள்ளி கிடையாது. பிடி விழுவதற்குள் மூச்சு விடாமல் நடுக்கோட்டைத் தொட்டால்தான் புள்ளி. மிக வேகமாகப் போனால் கண்ணிக்கு உணர நேரம் போதாது. மிக மெதுவாகப் போனால் வெடி வந்து வாலைப் பிடிக்கும்.

இங்கேதான் யுங்கர்ஸின் குறை எல்லாம் பலமானது. அது மெதுவான விமானம், ஆனால் மெதுவாகப் போகும்போது தடுமாறாத விமானம். தடித்த இறக்கை, அதன் பின்விளிம்பில் தனியாக நீண்டிருக்கும் துணை இறக்கை, மூன்று எஞ்சின். வளையத்தின் எடையும் காற்றுத் தடையும் சேர்ந்த பிறகும் நீருக்கு மேலே கோடு போட்டது போலப் பறந்தது. பயணிகள் உட்கார்ந்த அறையில் ஜெனரேட்டரும் அதை ஓட்டும் தனி மோட்டாரும் தாராளமாக அடங்கின. வேகத்துக்காகச் செதுக்கிய விமானம் எதுவும் இந்த வேலையில் இதனிடம் தோற்றுப்போயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனி இதே வளையத்தை ப்ளோம் உண்ட் ஃபோஸ் 138 என்ற பறக்கும் படகிலும் மாட்டியது. டீசல் எஞ்சின் பொருத்திய அதுவும் நல்ல விமானம்தான். ஆனால் இந்தப் பணியின் முகமாக நின்றது யுங்கர்ஸ்தான்.

ஓட்டங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். கண்ணி செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. உள்ளே ஓர் எண்ணியை வைத்தார்கள். முதல் சில கப்பல்களை எண்ணி மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் வெடிக்கும் கண்ணி வந்தது. அதாவது, ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் பறந்தால்தான் ‘சுத்தம்’ என்று சொல்ல முடியும். ஒரு முறை சாகசம் செய்வது வேறு. அதே நீரில், அதே உயரத்தில், எதுவும் வெடிக்காத பத்தாவது ஓட்டத்தையும் முதல் ஓட்டம் போலவே பறப்பது வேறு. வெடித்த கண்ணிகளை மட்டும் எண்ணி இந்த அணிக்கு மதிப்பெண் போடுபவர்கள் அந்தப் பத்தாவது ஓட்டத்தை மறந்துவிடுகிறார்கள். சத்தத்துக்கு வெடிக்கும் கண்ணி வந்தபோது சிறு வெடிகளை நீரில் போட்டுக்கொண்டே பறந்தார்கள். 1944-ல் நீரழுத்த மாற்றத்துக்கு வெடிக்கும் கண்ணி வந்தது. அதை ஏமாற்ற எந்த விமானத்தாலும் முடியவில்லை. ஆட்டத்தின் எல்லை அதுதான்.

பிரிட்டன் ஏன் வளைய விமானத்தைத் தன் கரையில் சீக்கிரம் கைவிட்டது? கப்பல்களைச் சுற்றிக் கம்பி ஓட்டிக் காந்தத்தன்மையைத் தணித்தார்கள். இரண்டு கப்பல்கள் பின்னால் மிதக்கும் மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு போய்ப் பெரும் பரப்பைத் துப்புரவு செய்யும் முறையும் வந்தது. அது விமானத்தை விட மலிவு, அகலம் அதிகம். வளையம் கட்டிய வெலிங்டன்கள் எகிப்துக்குப் போயின. 1941 ஜனவரி இறுதியில் ஜெர்மன் விமானங்கள் சூயஸ் கால்வாயில் கண்ணி போட்டபோது அங்கே அவை கைகொடுத்தன. குறுகிய கால்வாயில் கப்பல் நுழைய முடியாத நேரத்தில் விமானம் நுழைந்தது. ஜெர்மனியின் நிலைமையும் அப்படித்தான்: ஆழமற்ற கரையோரம், ஆற்று முகத்துவாரம். 1944 ஏப்ரலிலிருந்து ருமேனிய எண்ணெய் வரும் டான்யூப் ஆற்றில் பிரிட்டிஷ் விமானங்கள் கண்ணி போட, ஆற்றின் மேலேயே யுங்கர்ஸ் பறந்தது. எதிரிப் போர் விமானம் வந்தால் தப்ப வழியில்லாத உயரம், வேகம். ஆட்டமிழந்தவர்கள் பலர்.

நான் தரும் தீர்ப்பு இது. கண்டுபிடிப்பில் வெலிங்டனுக்கு முதலிடம். நிலைத்து ஆடியதில் யுங்கர்ஸுக்கு.

இதெல்லாம் ஐரோப்பாக் கதை, கல்வராயன் மலையடிவாரத்தில் இருப்பவனுக்கு என்ன என்று கேட்கலாம். நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டையில் புல் முளைத்துக் கிடக்கும் ஓடுதளம் அந்தப் போர்க்காலத்தில் போட்டதுதான். வளையம் இல்லாத வெலிங்டன்கள் 1942 இறுதியிலிருந்து தஞ்சாவூரில் கடல் கண்காணிப்புக்கு நின்றன. அதற்கும் முந்தைய போரில், 1917 பிப்ரவரியில், ‘வுல்ஃப்’ என்ற ஜெர்மன் கப்பல் கொழும்பு வாசலில் கண்ணி போட்டுவிட்டுப் போக, வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற இரண்டு கப்பல்கள் அதே மாதம் மூழ்கின. அந்தக் கப்பலிலும் ஒரு சிறு நீர்விமானம் இருந்தது. பெயர் ‘வுல்ஃப்ஷன்’, ஓநாய்க்குட்டி. கண்ணி நம் கடலுக்குப் புதிது இல்லை.

கடல் வழி நமக்கும் தேவைதான்: நம் மரவள்ளிக்கும் கரும்புக்கும் போடும் பொட்டாஷ் ஏறத்தாழ முழுவதும் கப்பலில்தான் இந்தியாவுக்கு வருகிறது. மலையில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தாவுடன் கலந்து, வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. 1993 வரை நாம் தென்னார்க்காடு மாவட்டம், அதன் தலைநகரம் கடலூர். அந்தக் கடலூரின் பெயரில் இந்தியக் கடற்படையில் கண்ணி அகற்றும் கப்பல் ஒன்று இருந்தது. 1987-ல் சேர்ந்தது, 2018-ல் ஓய்வு பெற்றது. அதைப் புதுச்சேரிக் கடலில் மூழ்கடித்து நீரடி அருங்காட்சியகம் ஆக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1978-லிருந்து சோவியத் ஒன்றியத்தில் வாங்கிய அந்த வகைக் கப்பல்கள் 12. கடைசியான கோழிக்கோடு 2019-ல் விடைபெற்றது. அன்றிலிருந்து இதற்கென்றே கட்டிய கப்பல் நம்மிடம் ஒன்றுகூட இல்லை. இத்தனை நீளக் கடற்கரை உள்ள நாட்டுக்கு இது பெரிய ஓட்டை. எனக்கு இது வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

தென் கொரிய நிறுவனத்துடன் சேர்ந்து கோவா கப்பல் தளத்தில் 12 கப்பல் கட்டும் பேச்சு 2018-ல் முறிந்தது. 2025 ஜூலை 3 அன்று பாதுகாப்புக் கொள்முதல் மன்றம் கண்ணி எதிர்ப்புக் கப்பல்களுக்குத் தேவை ஒப்புதல் கொடுத்தது. இது முதல் படி. விலைப் பேச்சு, ஒப்பந்தம், கட்டுமானம், சோதனை என்று ஆண்டுகள் ஓடும். இந்த இடைவெளியில் ஆகாய வழியை நாம் யோசிக்கலாம். அமெரிக்கா 1973-ல் வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்தையும் 1974-ல் சூயஸையும் துப்புரவு செய்தபோது ஹெலிகாப்டர்களை அனுப்பியது. காந்தக் கருவியை விமானத்தில் கட்டாமல் நீரில் சறுக்கும் சட்டத்தில் ஏற்றி, ஹெலிகாப்டரிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். உயரத்தால் புலம் சரியும் சிக்கல் அதோடு தீர்ந்தது. வெடித்தாலும் ஆள் தூரத்தில் இருந்தார். எண்ணூர், கடலூர், தூத்துக்குடி போன்ற துறைமுக வாசல்களுக்குக் கப்பல் வரும்வரை இப்படி ஓர் ஏற்பாட்டைக் கடற்படை இப்போதே வாங்க வேண்டும்; ஆளில்லாப் படகு இழுத்தாலும் சரி. ஓட்டுபவர்களையும் இன்றே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், ஏனென்றால் பத்தாவது ஓட்டத்தையும் அதே கோட்டில் ஓட்டும் பக்குவம் கருவியோடு சேர்ந்து பெட்டியில் வருவதில்லை.