ஒரே பெயருக்குள் இரண்டு நோய்கள்

1900-இல் மொரீஸ் கிளிப்பெல், பால் த்ரெனோனே என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்: தோலில் கருஞ்சிவப்புப் படை, புடைத்த சிரைகள், அளவுமீறி வளர்ந்த எலும்பும் சதையும். பெரும்பாலும் ஒரே காலில், பிறவியிலேயே. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் இல்லாத காலத்தில் அவர்கள் கண்டு எழுதியது இன்றும் செல்லுபடியாகிறது.

குழப்பம் பிறகு வந்தது. லண்டனில் ஃபிரடெரிக் பார்க்ஸ் வெபர் 1907-இல் இதையொத்த நோயாளிகளைப் பற்றி எழுதினார். 1918-இல், தமனியும் சிரையும் நேரடியாக இணைந்துவிட்ட நிலையையும் விவரித்தார். ஆனாலும் மூவர் பெயரையும் கோத்து ஒரே நோயாக எழுதும் வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்த வரலாற்றின் பெரும்பிழை இதுதான் என்பேன்.

வெபர் சொன்ன காலைத் தொட்டால் சூடு தெரியும். விரலுக்கடியில் ரத்தம் அதிர்ந்து பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு ஈடுகொடுத்தே இதயம் தளர்ந்துபோகலாம். கிளிப்பெல் கண்ட காலிலோ ரத்தம் தேங்கும், உறையும். அப்படி உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு ஆழ்சிரை சரியாக உருவாகியே இருக்காது. அதைச் சோதிக்காமல் வெளியே புடைத்த சிரையை அகற்றினால், ரத்தம் திரும்ப இருந்த வழியையே அடைத்துவிடுவோம்.

1982-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் மல்லிகன், க்ளோவாக்கி இருவரும் செல்கள் பெருகும் ரத்தநாளக் கட்டிகளையும் உருவாக்கத்திலேயே பிழையாக அமைந்த நாளங்களையும் பிரித்தார்கள். பாய்ச்சலின் வேகம் அளவுகோலானது அந்த வழியில்தான்.

மரபணு இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்பாரும் உண்டு. கிளிப்பெல் நோயாளிகள் பலரிடம் பிக்3சிஏ மரபணுவிலும், வெபர் நோயாளிகள் சிலரிடம் ராசா1 மரபணுவிலும் மாற்றம் தெரிந்தது உண்மை. பிக்3சிஏ மாற்றம் கருவுற்ற பின் சில செல்களில் மட்டும் நேர்வது. பெற்றோர் கடத்தியது அல்ல. தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஆனால் அதே மரபணு வேறு பல மிகைவளர்ச்சி நோய்களுக்கும் காரணம். அதை மட்டும் வைத்து ஒரு நோயாளியின் காலை அறிய முடியாது.

மருந்திலும் நிதானம் தேவை. 2018-இல் பாரிஸில் பிக்3சிஏ மாற்றம் கொண்ட 19 பேருக்கு அல்பெலிசிப் என்ற மருந்து தந்த பலன் பெரும் நம்பிக்கையூட்டியது. 2022-இல் அமெரிக்கா அனுமதித்தபோது கணக்கில் எடுத்த 37 பேரில் 10 பேருக்குத்தான் பாதிக்கப்பட்ட பகுதி போதிய அளவு சுருங்கியிருந்தது. அந்தப் பத்துப் பேருக்கு அது பெரிய விஷயம். எல்லோருக்குமான தீர்வு என்று சொல்ல அது போதாது.

என் தீர்ப்பு: மூவர் பெயரைக் கோத்த அந்தத் தொடரை மருத்துவக் குறிப்புகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். டாப்ளரில் பாய்ச்சலைப் பார்த்த பிறகே நோயின் பெயரை எழுத வேண்டும்.